காஸ் சிலிண்டரை எடை போட்டு வாங்குகிறீர்களா?

கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினாலும் தராசைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஒரு சொத்தைக் காய் விழுந்திருந்தால் எடுத்து வெளியே வைத்துவிட்டு வேறு போடச் சொல்கிறோம். புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு நூல் இழுத்திருந்தால்கூட "வேண்டாங்க" என்று எழுந்து வந்துவிடுகிறவர்கள் நாம். ஆனால் நம் வீட்டுக்குள் வருகிற சாமான்களிலேயே மிகவும் ஆபத்தானது எதுவோ, அதை மட்டும், "அந்த ஓரமா வெச்சிட்டுப் போப்பா" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

காஸ் சிலிண்டரைத்தான் சொல்கிறேன்.

அவர் வருகிற நேரம் அப்படி. குக்கரில் இரண்டாவது விசில் வந்திருக்கும், சின்னவன் ஒரு காலில் ஷூவோடு ஓடிக்கொண்டிருப்பான். காஸ்காரருக்கும் அவசரம், வண்டியில் இன்னும் முப்பது சிலிண்டர் இருக்கும். இரண்டு அவசரமும் சேர்ந்தால் சோதனை எங்கே நடக்கும்? ஆனால் அந்த மூன்று நிமிஷத்தை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கு என் ஓரகத்தி ஒரு சாட்சி.

அவள் வீட்டில் ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் புது சிலிண்டர் வந்தது. வழக்கம்போல ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். இரவு பழைய சிலிண்டர் தீர்ந்ததும் புதியதை மாற்றினாள். வால்வின் வாய்க்குள் இருக்கிற ரப்பர் வாஷர் விரிசல் விட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, சமையலறைக் கதவையும் மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து கதவைத் திறந்தாள். லைட் சுவிட்சைப் போட்டாள். அவ்வளவுதான். இரண்டு கையும் முகத்தில் பாதியும் வெந்துபோய் இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "வாசனை வரலையா?" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் அவளையே கேட்டார்கள். அவளுக்கு நாலு நாளாக ஜலதோஷம், மூக்கே அடைத்திருந்தது. குற்றம் சொல்ல எப்போதும் சமையலறையில் நிற்கிறவள்தானே அகப்படுகிறாள்!

அவள் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம் இருக்கிறது. அது சட்டத்தையும் பணத்தையும் பற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த காஸின் குணத்தைப் பார்ப்போம்.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தில் திரவமாக அடைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இதற்கு இயற்கையில் வாசனை கிடையாது. நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம் தரும் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு பரவி, மேடைக்குக் கீழே, தாழ்வான மூலையில், ஜலதாரைக் குழியில் போய்த் தங்கும். அதனால்தான் மேலே ஒரு வென்டிலேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. சிலிண்டரை மரக் கபோர்டுக்குள் பூட்டி வைக்கிற நாகரிகம் இப்போது எல்லா ஃப்ளாட்டிலும் வந்துவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். மேல் பக்கம் இருந்தால் மட்டும் போதாது.

வாசலிலேயே பார்க்க வேண்டியவை

வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய காஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். பதினைந்து, பதினாறு கிலோ சொச்சம் இருக்கும். அது சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும். 15.6 என்று எழுதியிருந்தால், நிறைந்த சிலிண்டர் 29.8 கிலோ இருக்க வேண்டும். கூட்டல் கணக்குத்தான். கொண்டு வருகிறவர் கையில் எடை பார்க்கும் கருவி வைத்திருக்க வேண்டும், நாம் கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எங்கள் தெருவில் நான் முதல் தடவை கேட்டபோது, "இத்தனை வருஷமா யாரும் கேட்டதில்லையேக்கா" என்றார் அந்தத் தம்பி. இப்போது நான் கேட்பதற்கு முன்பே கொக்கியை மாட்டுகிறார்.

அடுத்தது, சோதனைத் தேதி. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கிக்கொண்டு மூன்று இரும்புப் பட்டைகள் இருக்கும் அல்லவா? அதில் ஒன்றின் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். சி-27 என்று இருந்தால் 2027-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். புது சிலிண்டரைப் பத்து வருஷம் கழித்தும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரமும் தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பார்கள். தேதி தாண்டிய சிலிண்டரை யாரும் நம் தலையில் கட்ட முடியாது. "காஸ் கெட்டுப் போகாதும்மா" என்று பதில் சொல்வார்கள். காஸ் கெட்டுப் போகாதுதான். நாம் கேட்பது இரும்பைப் பற்றி.

பிறகு சீல். நூல் கட்டிய வெள்ளை மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்று, இரண்டும் குலையாமல் இருக்க வேண்டும். அவர் எதிரிலேயே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வால்வின் வாய்க்குள் கறுப்பு வாஷர் இருக்கிறதா, வெடிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று விரலை வைத்து அல்ல, டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், கசிவு இருந்தால் கொப்புளம் கொப்புளமாக வரும். வந்தால் வேறு சிலிண்டர் கேட்பது உங்கள் உரிமை. அவர் நமக்குச் செய்யும் உபகாரம் இல்லை அது.

இப்போதெல்லாம் போனுக்கு ஓர் எண் வருகிறது. அதைச் சொன்னால்தான் டெலிவரி முடிந்ததாகக் கணக்கு. அந்த எண்ணை வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள். எடை, தேதி, கசிவு எல்லாம் பார்த்தாயிற்றா, அப்புறம் சொல்லுங்கள். நம் கையில் இருக்கிற கடைசிப் பிடி அதுதான்.

கூடுதலாகக் கேட்கும் பணம் பற்றி ஒரு வார்த்தை. பில்லில் போட்டிருக்கிற விலையிலேயே வீட்டு வாசல் வரை கொண்டு வந்து கொடுக்கிற கூலியும் அடக்கம். எத்தனையாவது மாடி என்பது கணக்கில்லை. நாமே போய் கோடவுனில் எடுத்துக்கொண்டால் அந்தக் கூலியைக் கழித்துத்தான் வாங்க வேண்டும். இது சட்டப்படி. மனசுப்படி பார்த்தால், முப்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவருக்கு ஒரு டம்ளர் மோரும் பத்தோ இருபதோ கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நாமாகக் கொடுப்பது வேறு, "அம்பது ரூபா சேர்த்துக் குடுங்க, இல்லேன்னா அடுத்த தடவை லேட்டாகும்" என்று மிரட்டி வாங்குவது வேறு. இரண்டாவதற்குப் பில்லில் இருக்கிற எண்ணில் புகார் செய்யலாம்.

புதுக் கல்யாணமாகி காஸ் கனெக்‌ஷன் எடுக்கப் போகிற பெண்கள் இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். "அடுப்பும் எங்ககிட்டயே வாங்கினாத்தான் கனெக்‌ஷன்" என்று சொல்ல எந்த ஏஜென்சிக்கும் அதிகாரம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ரெகுலேட்டர் அவர்கள் கொடுப்பதுதான்.

ட்யூப் சமாசாரம்

ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி பின்னிய 'சுரக்ஷா' ட்யூபைத்தான் போட வேண்டும். அதன் ஆயுள் ஐந்து வருஷம். எந்த வருஷம் தயாரித்தது என்று ட்யூபின் மேலேயே அச்சடித்திருக்கும். பழைய புடவைத் துணியால் ட்யூபுக்கு உறை தைத்துப் போட்டிருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கைவேலை நன்றாகத்தான் இருந்தது! ஆனால் உள்ளே எலி கடித்தால் எப்படித் தெரியும்? உறையைக் கழற்றிவிடுங்கள். அடுப்பின் மூக்கில் ட்யூப் நுழையவில்லை என்று நெருப்பில் காட்டி இளக்குவது, நீளம் போதவில்லை என்று இரண்டு ட்யூபை ஒட்டுப் போடுவது, நடுவில் கவை வைத்து இரண்டு அடுப்புக்குப் பிரிப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. ட்யூப் அடுப்புக்கு அடியில் ஓடவும் கூடாது. மேடை உயரத்தில் அடுப்பு, தரையில் நிமிர்ந்தபடி சிலிண்டர், இதுதான் சரியான முறை. காஸ் தீர்ந்துபோகிற சமயம் சிலிண்டரைப் படுக்கவைத்து ஒரு வேளைச் சமையலை ஒப்பேற்றுவது நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்த சிக்கனம் இல்லை, யாரோ அரைகுறைகள் கிளப்பிவிட்டது. திரவமே ட்யூபுக்குள் வந்துவிடும்.

கசிவைத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆண்பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவுங்கள், போதும். இரவு படுக்கப் போகும்போது அடுப்பின் குமிழை மட்டும் திருப்பாமல் ரெகுலேட்டரையும் மூட வேண்டும் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

"காஸ் கம்பெனியிலேர்ந்து வர்றோம், செக் பண்ணணும்" என்று பையோடு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஏஜென்சி மெக்கானிக் வந்து பார்க்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பகல் வேளையில், வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து, ஆகாத ட்யூபை இரண்டு மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அடையாள அட்டை கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். உண்மையான ஆள் நிற்பார்.

நாற்றம் வந்தால்

சமையலறையில் காஸ் நாற்றம் அடித்தால் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடாதீர்கள். எரிந்துகொண்டிருக்கிற லைட்டை அணைக்கவும் செய்யாதீர்கள். போடுவதிலும் அணைப்பதிலும் ஒரே மாதிரிதான் பொறி வரும். ஃப்ரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும்போதுகூட உள்ளே சின்னப் பொறி உண்டு. அதனால் காஸ் அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் ஒட்டி வைக்காமலிருப்பது நல்லது. சாமி விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். அப்படியும் நாற்றம் நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு வந்த வெள்ளை மூடியை அழுத்திப் போடுங்கள். (அந்த மூடியைக் குழந்தை விளையாடக் கொடுத்துவிடாமல் சிலிண்டரிலேயே கட்டித் தொங்கவிடுவது இதற்குத்தான்.) ஜன்னல், கதவு, முக்கியமாகக் கதவு, எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் குழந்தைகளோடு வெளியே வந்து நின்றுகொண்டு 1906-க்கு போன் செய்யுங்கள். எந்தக் கம்பெனி காஸாக இருந்தாலும் இந்த எண்தான். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. வீட்டுக்குள் நின்று போன் பேச வேண்டாம். தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தி, ஒரு தட்டைப் போட்டு மூடுங்கள். புடவையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓட ஓட எரியும். தரையில் படுத்துப் புரள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கெட்டியான பருத்திப் போர்வையோ ஜமக்காளமோ போட்டு அமுக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் ஆகாது. அவை உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கும்போது பருத்தி நைட்டியோ பருத்திப் புடவையோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வதோ பழைய பழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

வெந்த இடத்தை ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். இருபது நிமிஷம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். வீக்கம் வருவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், முட்டை வெள்ளை, தோசை மாவு என்று நம் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். என் ஓரகத்தியின் கையில் பக்கத்து வீட்டு மாமி அன்போடு ஒரு ட்யூப் பற்பசையையும் பிதுக்கிவிட்டார். அதை ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுத்தபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் இனி ஜென்மத்துக்கும் அந்த வைத்தியம் செய்ய மாட்டார்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-ல் கூட்டிப் போங்கள்.

ஆஸ்பத்திரியில், "போலீஸ் கேஸ், முதல்ல ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும், போலீஸ் சம்பிரதாயம் எல்லாம் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாசலில் நின்று வாதாட நேரிட்டால் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

போலீஸ் வருவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். பெண் தீக்காயத்தோடு வந்தால் ஆஸ்பத்திரியே அவர்களுக்குத் தகவல் சொல்லும். இதற்கு ஒரு கசப்பான காரணம் இருக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்று பேப்பரில் அடிக்கடி வரும். என் அம்மா அதைப் படித்துவிட்டு, "ஏன்டி, ஸ்டவ்வெல்லாம் மருமகள்கள் கிட்ட வந்துதான் வெடிக்குமா? மாமியார் சமைக்கிறப்ப வெடிக்காதா?" என்று கேட்பாள். ஊரெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் 1986-ல் வரதட்சணை மரணத்துக்குத் தனிச் சட்டப்பிரிவே வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்து, அதற்கு முன் வரதட்சணை கேட்டுக் கொடுமை நடந்திருந்தால் குறைந்தது ஏழு வருஷம் சிறை. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும், பாரதிய நியாய சன்ஹிதா 80-ஆம் பிரிவில், அது அப்படியே இருக்கிறது. ஆகவே விசாரணை என்பது நம்மைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. படுத்திருக்கிற பெண்ணுடைய வாக்குமூலம் அவள் சொன்னதாகவே இருக்க வேண்டும். உறவினர் யாரும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. விசாரணைக்காக ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவள் இருக்கிற வீட்டுக்குத்தான் வர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

நஷ்ட ஈடு கேட்கலாம், தெரியுமா?

ஓரகத்தி கதையின் மிச்சம் இதுதான். அவளுக்கு வீட்டில் சேமித்தது, நகை வைத்தது எல்லாம் சிகிச்சைக்குப் போய்விட்டது. விபத்து நடந்த அன்றே ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். ரொம்ப அனுதாபமாகப் பேசினார். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, என் கொழுந்தனார் வேலை செய்யும் இடத்தில் ஒருவர், "இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்தாச்சா?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. ஏஜென்சியில் போய்க் கேட்டால், "அப்பவே எழுத்துல குடுத்திருக்கணும் சார், இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கின்றன. நாம் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, நம் பெயரும் அதில் தனியாக எழுதியிருக்காது. காஸ்தான் தீக்கு முதல் காரணம் என்றால் இது பொருந்தும். வேறு எங்கோ பிடித்த தீ பரவி வந்தால் பொருந்தாது. மத்திய அரசு தெரிவித்திருக்கிற அளவு இது: இறந்துபோனால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை, வீடு, சாமான் சேதத்துக்கு 2 லட்சம் வரை. பாலிசியைப் புதுப்பிக்கும்போது தொகை மாறக்கூடும் என்பதால் ஏஜென்சியில் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் அடிபட்ட பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கலாம்.

இதற்குச் செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. விபத்து நடந்த உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்க வேண்டும். அவர்கள்தான் எண்ணெய்க் கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிப்பார்கள். போலீஸ் புகார், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடை பில் உள்பட எல்லா பில்லும் வேண்டும். உயிர் போயிருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றும். எரிந்த சாமான்களைப் பெருக்கித் தள்ளுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் எடுத்துப் போகிறவரிடம், என்ன எடுத்தார், எந்தத் தேதி என்று கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத அடுப்போ ட்யூபோ இருந்தால் அதைச் சாக்காகச் சொல்லிப் பணத்தை மறுக்கப் பார்ப்பார்கள். ஆகவே ட்யூப் வாங்கிய ரசீதைக்கூட காஸ் புத்தகத்திலேயே செருகி வையுங்கள்.

கொழுந்தனார் விடவில்லை. ரிஜிஸ்டர் தபாலில் ஏஜென்சிக்கும் கம்பெனியின் வட்டார அலுவலகத்துக்கும் எழுதினார். பதிலே இல்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டார்கள். ஒன்றரை வருஷம் நடந்து, சிகிச்சைச் செலவில் பில் இருந்த வரைக்கும் கிடைத்தது. பில் வைத்திருக்காத மருந்துக்கு ஒரு பைசா வரவில்லை. அவளுடைய வலது கையில் இரண்டு விரல் இன்னமும் முழுக்க மடங்காது. கோலப்பொடியை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டுவிட்டாள்.

நுகர்வோர் ஆணையம் என்றதும் கோர்ட், கறுப்புக் கோட்டு என்று மிரள வேண்டாம். 1986-ல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலை முதல் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் சரி. வக்கீல் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பொருளுக்கு நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. சிலிண்டரும் அடுப்பும் குக்கரும் அதற்குள்தானே அடங்கும்! இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குறையுள்ள பொருளால் உடம்புக்குக் காயம் ஏற்பட்டால் தயாரித்தவரும், சில நிலைகளில் விற்றவரும் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்த்திருக்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 1915-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

வக்கீல் தேவைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. கணவர் ஆபீசர், சொந்த வீடு இருக்கிறது என்றெல்லாம் சொல்லி மறுக்க முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். போன் எண் 15100.

கடைசியாக, காஸ் புத்தகத்தை எடுத்து அது யார் பெயரில், எந்த விலாசத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாமான் சேதத்துக்கான பணம் பதிவு செய்த விலாசத்தில் நடந்த விபத்துக்குத்தான் கிடைக்கும். மாமனார் காலமாகிப் பத்து வருஷமாகியும் அவர் பெயரிலேயே சிலிண்டர் வந்துகொண்டிருக்கிற வீடுகள், வாடகை வீடு மூன்று மாறியும் பழைய விலாசத்தை மாற்றாதவர்கள், ஊரில் இருக்கிற மாமியாரின் கனெக்‌ஷனை இங்கே வைத்து ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். விலாசம் மாற்ற இருப்பிடச் சான்றும், பெயர் மாற்ற இறப்புச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். ஃபாரம் ஏஜென்சியிலேயே கிடைக்கும். காலையில் புக்கிங் கூட்டம் நெருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.